நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு அப்புறம்

நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் அந்தப் பெண் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள், பிறகு

அவ்வளவுதான். அடுத்தது அட்டை.

குரலம்மா அட்டையைத் திருப்பினாள், மறுபடியும் திருப்பினாள். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் சுரண்டினாள். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். 'பிறகு' என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை.

அதற்குள் இரண்டாம் நடைமேடையில் ஒரு வண்டி வந்து, நின்று, கிளம்பியும் போய்விட்டது. வரவேற்கவோ வழியனுப்பவோ குரல் எதுவும் வராததால் பயணிகள் கொஞ்சம் தயங்கித்தான் ஏறினார்கள்.

வர வேண்டிய குரல் அவளுடையது. அந்த ரயில் நிலையத்தின் அறிவிப்பாளர் அவள்தான். இருபத்திரண்டு வருஷமாக மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். முகம் யாருக்கும் தெரியாது, குரல் ஊருக்கே தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு நின்றுவிட்டது. மற்ற எல்லோருக்கும் அவள் குரலம்மா.

நாற்பத்து மூன்று வயதில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் படிப்பு. மாலை நேரக் கல்லூரி. பதிவு செய்தால் ஐந்து வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதித் தேறிய பரீட்சையெல்லாம் செல்லாமல் போகும். இது ஐந்தாவது வருஷம். எல்லாத் தாளும் தேறிவிட்டாள். பாக்கி ஓர் ஆய்வேடும், அதன் மேல் ஒரு நேர்முகத் தேர்வும்தான்.

பட்டம் வாங்கினால் சம்பளம் கூடப்போவதில்லை, நாற்காலியும் மாறப்போவதில்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் எழுதிக் கொடுத்ததையே வாசித்து வாசித்து அவளுக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால், தானாக யோசித்த ஒன்றைத் தன் குரலில் சொல்லிவிட வேண்டும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று பயம்.

ஆய்வுக்கு எடுத்த நாவலில் ஒரு பெண் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கிறாள். நானூறு பக்கத்துக்கு மற்றவர்களை அக்கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் ஒரு சாயங்காலம், வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் குதிரை வண்டியோடு கரையில் நிற்கிறான். தன்னோடு அக்கரைக்கு அழைத்துப்போக, அவளை விரும்பிய மாலுமி படகோடு தண்ணீரில் நிற்கிறான். அவள் விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறாள், பிறகு.

ஆய்வின் தலைப்போ 'நாயகியின் இறுதி முடிவும் அதன் பொருளும்.'

குரலம்மா வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இரண்டிரண்டு பக்கமாகப் படிப்பவள். படித்த மட்டும் எழுதுவாள், எழுதிய மட்டும் கனவு காண்பாள். பனி மூடிய காலையில் கண்ணாடிக்கு வெளியே தண்டவாளம் தெரியாது, தண்ணீர்தான் தெரியும். இப்படி ஒன்றரை வருஷம் அந்தப் படகுத்துறையிலேயே குடியிருந்துவிட்டு, நேர்முகத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அன்று மாலையே நூலகத்துக்கு ஓடினாள். நூலகரைக் கல்லூரியில் எல்லோரும் 'உஷ் சார்' என்பார்கள். உள்ளே நுழைகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே உதட்டில் விரலை வைத்துவிடுவார்.

"சார், இந்தப் புத்தகத்துல கடைசிப் பக்கங்களக் காணோம்."

"உஷ்! எப்ப கிழிச்சீங்க?"

"நான் கிழிக்கல சார். இல்லவே இல்ல."

"நான் கொடுக்கும்போது முழுசா இருந்துச்சு."

"நீங்க பார்த்தீங்களா?"

"முழுசா இல்லாத புத்தகத்த நான் கொடுக்கவே மாட்டேன். அப்ப முழுசாத்தானே இருந்திருக்கணும்?"

உஷ் சார் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கடைசி வரியை மூன்று தடவை படித்தார்.

"இந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி எங்க?"

"அதத்தான் சார் நானும் கேக்குறேன்."

"முற்றுப்புள்ளி இல்லாத புத்தகத்த நான் திருப்பி வாங்குறதில்ல. மிச்சப் பக்கம் வந்தாத்தான், பாக்கி இல்லன்னு நோ டியூஸ் சீட்டு. சீட்டு இல்லாம உங்கள நேர்முகத்துக்கு உள்ள விட மாட்டாங்க. உஷ்!"

'உஷ்' அவளுக்கில்லை. பின்னால் யாரோ தும்மிவிட்டார்கள்.

பேசாமல் இருந்திருந்தால் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். வாய்தானே அவள் பிழைப்பு.

அடுத்த நாள் பேராசிரியரைப் பிடித்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் முப்பது வருஷமாக அந்த நாவலைப் பாடம் நடத்துகிறவர். எதற்கும் 'அதாவது' என்று ஆரம்பிப்பார், அதற்கு முன்னால் எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்றாலும்.

"சார், கடைசில அவ என்ன சார் பண்றா?"

"அதாவது, யாரு?"

"நாயகி சார். விளக்கத் தூக்கிப் பிடிச்ச பிறகு."

பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு நிமிஷம் ரொம்ப அழகாகப் பார்த்தார்.

"அதாவது, வண்டில ஏறிடுறா. அண்ணன் கூட வீட்டுக்குப் போயிடுறா. எங்க சுத்தினாலும் மனுஷனுக்கு வீடுன்னு ஒண்ணு வேணும் பாருங்க. அந்த இடம் படிக்கும்போது எனக்கு இப்பவும் தொண்டைய அடைக்கும்."

பேராசிரியர் பன்னிரண்டு வருஷமாக விடுதி அறையில் தனியாக இருக்கிறவர். உண்மையிலேயே தொண்டையை அடைத்தது அவருக்கு.

"உங்க புத்தகத்தக் கொஞ்சம் தர்றீங்களா சார்? கடைசிப் பக்கத்த மட்டும் எழுதிக்கிறேன்."

"என் புத்தகத்த ஒரு மாணவன் வாங்கிட்டுப் போனான். அதாவது, இப்ப அவனே ரிடையர் ஆயிட்டான்."

சரி, கதையாவது தெரிந்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கடைசி அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று மாணவர்கள் பரீட்சைக்குப் புரட்டும் நோட்ஸ் புத்தகத்தை ஒரு பார்வை பார்த்தாள். 'இறுதியில் நாயகி துணிந்து படகில் ஏறுகிறாள். இது விடுதலையின் குறியீடு. ஐந்து மதிப்பெண்' என்று போட்டிருந்தது.

நோட்ஸைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் பேராசிரியரிடம் ஓடினாள்.

"சார், இதுல படகுல ஏறுறான்னு போட்டிருக்கு."

அவர் அசரவில்லை. "அதாவது, அது முதல் பதிப்பு. முதல் பதிப்புல ஏறினா. திருத்திய பதிப்புல இறங்கிட்டா."

வெளியே வந்தால் படிக்கட்டில் கூடப் படிக்கும் போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மருமகள் தொலைக்காட்சியை அணைப்பதில்லை என்பதால் முதுகலையில் சேர்ந்தவர். அவரிடம் கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டாள்.

"வண்டியுமில்ல, படகுமில்ல," என்றார் போஸ்ட்மாஸ்டர். "கால் வழுக்கித் தண்ணில விழுந்து போயிடுறாம்மா. மூணு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கல."

"நீங்க படிச்சீங்களா?"

"படிக்காமயா? விளக்கு மட்டும் மிதந்துக்கிட்டே போகும். ஐயோ, அத ஏன் கேக்குறீங்க," என்று கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

ஒரே பெண்ணை ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார், ஒருவர் அக்கரைக்கு அனுப்பிவிட்டார், ஒருவர் அடியோடு அனுப்பிவிட்டார். மூன்று பேர் சொன்னதையும் மனசுக்குள் மாறி மாறி ஓட்டிப் பார்த்தபடி குரலம்மா வேலைக்குப் போனாள். மைக்கைப் போட்டாள். கண்ணாடிக்கு வெளியே மழைத் தூறலில் தண்டவாளம் பளபளவென்று கிடந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்துக்கு. நாலு பத்துக்குப் புறப்பட வேண்டிய படகு, ஏறுவதா வேண்டாமா என்று நினைப்பவர்களுக்காகச் சற்றுக் காத்திருந்து, மூன்றாம் படகுத்துறையிலிருந்து புறப்படும்."

கடல் அங்கிருந்து பல மணி நேரப் பயணம். ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் பொய் சொல்லாத குரல் அது. நாற்பது பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் நடைமேடைக்கு நகர்ந்தார்கள். ஒரு குடும்பம், பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாது என்று டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வரிசையில் நின்றது.

நிலைய அதிகாரி மெமோ கொடுத்தார். மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் வேண்டும். குரலம்மா உள்ளதை உள்ளபடி எழுதினாள்: 'அந்த நேரத்தில் என் மனம் வேறிடத்தில் இருந்தது.' அதன் கீழேயே சிவப்பு மையில் குறிப்பு வந்தது: 'எந்த இடத்தில்? விவரம் தேவை.'

வீட்டில் அவள் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தினமும் பத்துப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பவர் என்பதால், வீட்டிலும் யாராவது அவசர முடிவு எடுத்தால் அவர் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் தானாகத் தரையை அழுத்தும்.

"பேசாம விட்டுடலாம்னு பாக்குறேங்க," என்றாள் குரலம்மா.

வலது கால் அழுத்தியது. "என்னத்த?"

"படிப்பத்தான். கடைசிப் பக்கம் இல்ல, சீட்டு இல்ல. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் எதன்னு எழுதுறது? நாளைக்கு ஒருத்தர் அசல் புத்தகத்தக் கொண்டு வந்து காட்டினா என் மூஞ்சிய எங்க வச்சுக்குறது?"

"அஞ்சு வருஷம்மா. ஞாயித்துக்கிழமையெல்லாம் நானே துணி துவைச்சிருக்கேன். இதுக்காகவா?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல் அழுதாள். குரலை அவள் எப்போதும் வேலைக்கு மட்டும்தான் வைத்துக்கொள்வாள்.

கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரி, கதையச் சொல்லு. எங்க நிக்குது?"

சொன்னாள். அரை மணி நேரம் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த விளக்கு எவ்வளவு கனம் இருக்கும்?"

"எதுக்கு?"

"இல்ல, ஆளாளுக்கு அவ எங்க போனான்னே பேசுறாங்க. அவ்வளவு நேரமா தூக்கிப் பிடிச்சுட்டு நிக்குறா. கை வலிக்காதா? முதல்ல அதக் கீழ வைப்பா. நானா இருந்தா அதத்தான் பண்ணுவேன்."

குரலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். பதினெட்டு வருஷத்தில் இந்த மனிதரை இவ்வளவு பிடித்தது அன்றைக்குத்தான்.

"நாலு பக்கந்தானே," என்றார் அவர். "எப்படியும் உங்க உஷ் சாருக்கு முற்றுப்புள்ளிதான் வேணும். நீயே எழுதி ஒட்டிடு. அசல் கிடைச்சா மாத்திக்கலாம்."

"ஏமாத்துறதில்லயா அது?"

"பஞ்சரானா ஸ்டெப்னி மாட்டுறதெல்லாம் ஏமாத்துறதா?"

மதியம் இரண்டு இருபது வண்டியை அனுப்பிவிட்டால் மூன்று நாற்பதுக்குச் சரக்கு வண்டி வரும்வரை நிலையத்தில் ஒன்றும் கிடையாது. தூண்களின் நிழல் மட்டும் நடைமேடையில் மெதுவாக நகரும். மறுநாள் அந்த நேரத்தில் எழுதத் தாள் வேண்டி அலமாரியைத் திறந்தாள். அடித்தட்டில் யாரோ எந்தக் காலத்திலோ மறந்துவிட்டுப்போன தாள் கட்டு இருந்தது, பழுப்பேறிப்போய். அதை எடுத்து மை பேனாவைத் திறந்தாள். நாவல் ஆங்கிலம் என்பதால் அவளும் ஆங்கிலத்தில்தான் எழுதினாள்.

பேராசிரியர் சொன்னபடி வண்டியில் ஏற்றிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் அந்தப் பெண் நகரவில்லை. விளக்கைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். கரையில் குதிரை கனைத்தது, தண்ணீரில் படகு முட்டியது. இருட்டில் இரண்டு ஆண்கள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் யாரையோ காக்கவைத்தாள். 'கை ஓய்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது, அந்த விளக்கு இத்தனை நாள் அவளுக்காக எரியவே இல்லை என்று.'

இந்த வரியை எழுதிவிட்டுக் குரலம்மா பேனாவைக் கீழே வைத்தாள். எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. உடம்பு லேசாகிப்போனது. கண்ணாடிக்கு வெளியே வெயிலில் தூசி பறந்துகொண்டிருந்தது. அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சரக்கு வண்டி வந்து போனதை அவள் அறிவிக்கவில்லை. சரக்குகள் புகார் சொல்லாது என்பதால் பிழைத்தாள்.

நாலு பக்கம் நிறைந்ததும், பெரிதாக ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். உஷ் சார் கண்ணாடி இல்லாமலே பார்க்கக்கூடிய அளவுக்கு.

ஓர் அச்சகத்தின் பின்கட்டில் பைண்டிங் கடை. பைண்டர் தடிமனான மூக்குக் கண்ணாடி போட்ட மனிதர். விரலெல்லாம் கோந்து. குரலம்மா புத்தகத்தையும் பழுப்புத் தாள்களையும் மேஜையில் வைத்தாள். குற்றவாளிக் குரல் அவளுக்குப் பழக்கமில்லாததால் நிலையக் குரலிலேயே பேசிவிட்டாள்.

"இந்த நாலு பக்கத்த இதே மாதிரி எழுத்துல அச்சடிச்சு, கடைசில சேர்த்துத் தைக்கணும். வெளில தெரியக்கூடாது."

பைண்டர் புத்தகத்தைத் திறந்தார். முன்பக்கம் நாலைப் புரட்டினார். நின்று படித்தார். பிறகு பின்பக்கம் போய்க் கடைசி வரியைப் பார்த்தார். பழுப்புத் தாளைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"இது... உங்க கிட்டதான் இருந்துச்சா?"

"ஆமா."

"இத்தனை வருஷமா?"

கிழித்தது தான்தான் என்று அவர் முடிவுகட்டிவிட்டார் என்று குரலம்மா நினைத்தாள். கிழிக்கவில்லை என்றால் எழுதினதைச் சொல்ல வேண்டி வரும். "ஆமாங்க," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

பைண்டர் எழுந்து போனார். போலீசைக் கூப்பிடத்தான் போகிறார் என்று அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு ஸ்டூலோடு திரும்பி வந்தார். தோள் துண்டால் அதை இரண்டு தடவை துடைத்துப் போட்டு, "உக்காருங்க," என்றார். கூலி பற்றிக் கேட்டதற்குக் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

ஏதோ நல்ல மனிதர், மாணவர்கள் மேல் இரக்கம் உள்ளவர் போலிருக்கிறது என்று நினைத்தபடியே குரலம்மா வீடு வந்து சேர்ந்தாள்.

புத்தகம் நாலே நாளில் வந்தது. புதுப் பக்கங்கள் எவை என்று அவளாலேயே சட்டென்று கண்டுபிடிக்க முடியவில்லை. உஷ் சார் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போய் முற்றுப்புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்க, நான் கொடுக்கும்போது முழுசா இருந்துச்சா இல்லயா?"

"இருந்துச்சு சார்."

"உஷ்," என்றார் அன்பாக, சீட்டில் கையெழுத்துப் போட்டபடி.

நேர்முகத் தேர்வு அன்று அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் பேராசிரியர். நடுவில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார். அந்த நாவலின் மேல் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். உலகத்தில் கடைசிப் பக்கத்தைப் படித்தவர் ஒருவர் உண்டென்றால் இவராகத்தான் இருக்க வேண்டும்.

அம்மையார் ஆய்வேட்டைப் புரட்டினார். நேராகக் கடைசி அத்தியாயத்துக்கு வந்தார்.

"அவ வண்டிலயும் ஏறல, படகுலயும் ஏறலன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"விளக்கக் கீழ வச்சுட்டு உக்காந்துடுறான்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"ஆதாரம்?"

பேராசிரியர் ஜன்னலைத் தேடினார். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை.

இனி தப்பிக்க வழியில்லை என்று ஆனதும் குரலம்மாவுக்கு ஒரு தைரியம் வந்தது. நூலகப் புத்தகத்தைத் திறந்தாள். நானூற்றுப் பதினான்காம் பக்கத்தைப் படித்தாள். படிக்கப் படிக்கக் குரல் தானாக நிமிர்ந்தது. ஆனால் வண்டி எண் சொல்லும் குரல் இல்லை அது. துறையில் தண்ணீர் அடிக்கும் சத்தம் அந்த ஜன்னல் இல்லாத அறையில் கேட்டது. 'கை ஓய்ந்தபோதுதான்' என்று தொடங்கும் வரிக்கு வந்தபோது வாசலில் நின்ற கடைநிலை ஊழியர் கூட உள்ளே எட்டிப் பார்த்தார்.

படித்து முடித்தாள். பேராசிரியர் மூக்கை உறிஞ்சினார்.

"அதாவது," என்றார், தழுதழுத்த குரலில், "முப்பது வருஷமா நான் இதத்தான் பாடம் நடத்துறேன்."

அம்மையார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மெதுவாகத் திறந்தார். "அற்புதமான வரி. என்னோட ஆராய்ச்சியிலயே இந்த வரிய மேற்கோள் காட்டியிருக்கேன். ரெண்டு இடத்துல."

போன வாரம் செவ்வாய்க்கிழமை, இரண்டு இருபதுக்கும் மூன்று நாற்பதுக்கும் நடுவே குரலம்மா எழுதிய வரி அது!

முதல் வகுப்பில் தேறிவிட்டதாகச் சொன்னார்கள். அவள் காதில் அது பாதிதான் விழுந்தது. கல்லூரியை விட்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. மணியடித்த சைக்கிளுக்கும் ஹாரன் அடித்த பேருந்துக்கும் சிரித்துக்கொண்டே வழிவிட்டாள்.

அத்தனை பெரிய அம்மையார் பொய் சொல்வாரா? மாட்டார். அப்படியானால் அசல் புத்தகத்திலும் அதே வரி இருக்கிறது. சொல்லுக்குச் சொல் இருக்கிறது! முகம் தெரியாத ஓர் எழுத்தாளர் எந்தக் காலத்திலோ எழுதிவைத்ததை, ஒரு கண்ணாடி அறையில் உட்கார்ந்து, பழுப்புத் தாளில், அவள் அப்படியே எழுதியிருக்கிறாள். ஒன்றரை வருஷம் அந்தப் படகுத்துறையில் குடியிருந்தது வீண்போகவில்லை. நெஞ்சு நிறைந்துபோய், நடு ரோட்டில் நின்று இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டாள்.

ஆனால் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சின்ன ஏமாற்றம் உள்ளே முள்ளாகக் குத்தியது. அப்படியானால் அந்த வரியும் அவளுடையது இல்லை. அதையும் யாரோ முன்பே எழுதிவைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அவள் அடுத்தவர் எழுதியதைத்தான் வாசித்திருக்கிறாள்.

சரி, போகட்டும். அவருடையதை அவருக்கே கொடுத்துவிடுவதுதான் முறை. பைண்டிங் கடைக்கு நடந்தாள்.

பைண்டர் அவளைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். கோந்து விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"உக்காருங்கம்மா."

"இல்லங்க, நான் பாஸ் ஆயிட்டேன். ஒரு உதவி கேக்க வந்தேன்." குரலம்மாவுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "அந்தப் புத்தகத்தோட பழைய கடைசிப் பக்கம் இங்க எங்கயாவது கழிவுத் தாள்ல கிடக்கும். எப்பவாவது கைல கிடைச்சா, என்னோடத எடுத்துட்டு, எழுதினவரோடத வச்சுத் தைச்சிடுங்க. அவருக்கு நான் துரோகம் பண்ணக்கூடாது."

பைண்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துண்டால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார்.

"எந்தப் பக்கம்மா?"

"கடைசிப் பக்கம். நானூத்திப் பன்னெண்டுக்கு அப்புறம்."

"அதுக்கப்புறம் பக்கமே கிடையாதேம்மா, எழுதினவர் அந்த வரியிலயே செத்துட்டார்னு முன்னுரையிலயே போட்டிருக்கே, அதனாலதானே நீங்க அந்தப் பழுப்புத் தாளோட வந்து நின்னப்ப, அவரோட பேத்தின்னு நெனச்சு ஸ்டூலத் துடைச்சுப் போட்டேன்!"